ஓரியின் அம்பும் ஓக்கிக் கோடும்

சேந்தமங்கலத்தில் குறிபார்த்து அடிக்கிற பேச்சு எங்கே தொடங்கினாலும் கொல்லிமலையில் போய்த்தான் நிற்கும். ஊருக்குக் கிழக்கே மலை. காரவள்ளி அடிவாரம் வரை சமவெளி, அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். (உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கோப்பெருஞ்சிங்கன் கோட்டை கட்டிய சேந்தமங்கலம் வேறு. எங்களுடையது நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம்.) அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையைத் துளைத்து, புலியைச் சாய்த்து, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியது என்று புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டைப் படித்தபோது அந்த ஐந்து விலங்குகள்தான் மனதில் நின்றன. இப்போது படித்தால் பின்பாதிதான் உறுத்துகிறது. வழிநடையாக வந்த பாணர் கூட்டம் இந்த வேட்டையைப் பார்க்கிறது. ஆள் யாரென்று தெரியாமலே பாடுகிறார்கள். புகழ்ச்சி கேட்டு ஓரி நாணிப் போகிறான். பிறகு மான் இறைச்சி, கள், தன் மலையில் விளைந்த பொன், மணிக் குவியல் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான். குறி தவறாமல் அடித்தவன் கொடுக்கிறான், வேடிக்கை பார்த்தவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

2026 ஜனவரி 3ஆம் தேதி இரவு லண்டன் அலெக்சாண்டிரா பேலஸில் நடந்தது இதற்கு நேர்த் தலைகீழ். சுவர்ப் பலகையில் சிற்றம்பு எறியும் ஆட்டமான டார்ட்ஸின் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 18 வயது லூக் லிட்லர், நெதர்லாந்தின் ஜியான் வான் வீனை 7-1 என்ற செட் கணக்கில் வென்று 10 லட்சம் பவுண்டு வாங்கினார். நம் கணக்கில் ஏறத்தாழ 12 கோடி ரூபாய். டிக்கெட்டுக்கும் பீருக்கும் காசு கொடுத்து வந்த கூட்டம் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு மேசைமேல் ஏறிப் பாடியது. இங்கிலாந்துக் குடிக்கடைப் பேச்சில் டார்ட்ஸுக்கு இன்னொரு பெயர் 'ஆரோஸ்'. அம்புகள் என்று பொருள். அதே அம்புதான், ஆனால் பணம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. அது எப்படித் திரும்பியது என்று பார்க்கப் புகுந்ததில் எழுந்தது இந்தக் கட்டுரை.

முதலில் பலகை. வட்டமாக, ஒன்றரை அடி அகலத்துக்குச் சற்றுக் குறைவாக, கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாக இருக்கும் இதை மரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் தெரியும், நார். எங்கள் பக்கம் ரயில் கத்தாழை என்கிறோமே, பாதையோரம் வேலிக்கு நட்டு, நடுவிலிருந்து கம்பம் போலப் பூந்தண்டு கிளம்பும் செடி, அதன் நெருங்கிய சொந்தமான சைசல் கற்றாழையின் நார். 1930களில் நோடார் என்ற ஆங்கிலக் கம்பெனி இந்த வகைப் பலகையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் எல்ம் மரப் பலகைகள்தான் வழக்கம். இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் அவை வெடித்துவிடும். நாரை இறுக்கிக் கட்டி, வெட்டுமுகம் வெளியே தெரியும்படி அடுக்கினால், ஊசி நாரை அறுக்காமல் இடையில் நுழைகிறது. பிடுங்கினால் நார் நெருங்கி ஓட்டை மூடிக்கொள்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சைசல் தோட்டங்கள் இருந்ததால் பலகைத் தொழிலும் கென்யாவில் வேர்பிடித்தது. நம் ஊரில் அதே இனச் செடி ஆடு மாடு உள்ளே புகாமல் பார்த்துக்கொண்டது.

அப்படியொரு பலகையை வாங்கி வீட்டுத் தாழ்வாரச் சுவரில் மாட்டினேன். விதி இதுதான்: பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம், எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் தூரம். அந்தக் கோட்டுக்கு 'ஓக்கி' என்று பெயர். தையல்காரர் டேப்பை வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். கோடு போட்டு நிமிர்வதற்குள் தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கவட்டையை வைத்துக்கொண்டு ஓணானையும் மாங்காயையும் விட்டுவைக்காத கைகள் அவை. உச்சியில் இருக்கும் 20ஐக் காட்டி, அதை அடி என்றேன். ஒருவன் மூன்று அம்பு எறிந்தான். மூன்றும் 20க்குப் பக்கத்தில்தான் விழுந்தன. ஒன்று 20, ஒன்று 5, ஒன்று 1. மொத்தம் 26.

பையன்மேல் குற்றமில்லை. அந்தப் பலகை எண்களை அடுக்கியிருக்கிற விதம் அப்படி. பெரிய எண்ணுக்கு இருபுறமும் சின்ன எண்கள். 20க்கு 1, 5. 19க்கு 3, 7. 18க்கு 1, 4. ஒரு விரற்கடை தப்பினால் தண்டனை. இங்கிலாந்துக் குடிக்கடைகளில் 26க்கே ஒரு பட்டப்பெயர் உண்டு, 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்'. ஒரு காலத்தில் விடுதியில் இரவு தங்கிக் காலை உணவு சாப்பிட இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் ஆகுமாம், அதனால் இரண்டு-ஆறு. இந்த எண் வரிசையை 1896இல் பிரையன் காம்லின் என்ற தச்சர் கண்டுபிடித்தார் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஆதாரம் எதுவும் தேறவில்லை. கர்ணபரம்பரைக் கதை எல்லா ஊரிலும்தான் இருக்கிறது.

பலகையில் மிக அதிகம் தரும் இடம் நடுப்புள்ளி என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். நடுப்புள்ளிக்கு 50. 20இன் மும்மடங்குக் கட்டத்துக்கு 60. அந்தக் கட்டம் சுமார் 32 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் அகலம். முக்கால் தீக்குச்சி நீளம், பென்சில் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்று அம்பையும் செருகினால் 180. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஏழே முக்கால் அடி தள்ளி நின்று இதை ஒரே இரவில் பலமுறை செய்கிறார்கள்.

நடுங்கும் கைக்காரர் என்ன செய்வது? 2011இல் ரயன் டிப்ஷிரானி உள்ளிட்ட மூன்று புள்ளியியலாளர்கள் இதையே ஒரு ஆய்வுத்தாளாக எழுதினார்கள். கை எவ்வளவு சிதறுகிறது என்பதைப் பொறுத்து எங்கே குறிவைத்தால் லாபம் என்று கணக்கிட்டார்கள். தேர்ந்த கைக்கு 20இன் மும்மடங்கு. சிதறல் கூடினால் கீழே 19க்கு இறங்க வேண்டும். இன்னும் கூடினால் பலகையின் இடது கீழ்ப்பக்கம் நகர்ந்து, பிறகு நடுவை நோக்கி வர வேண்டும். நான் எளிய கூட்டலாகப் போட்டுப் பார்த்தேன். 20ஐ நோக்கி எறிந்து மூன்றும் பிரிந்து விழுந்தால் 26. அதேபோல 14ஐ நோக்கி எறிந்து 9, 14, 11 என்று பிரிந்தால் 34. அடுத்த நாள் பையனுக்கு இதைச் சொன்னேன். அவன் காதில் வாங்கவே இல்லை. 20 இருக்க 14ஐ யார் அடிப்பார்கள் என்பது அவன் கட்சி.

ஆட்டம் 501இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். கடைசி அம்பு இரட்டை மதிப்புள்ள விளிம்பு வளையத்திலோ, அதேபோல இரட்டையாகக் கணக்காகும் நடுப்புள்ளியிலோதான் விழ வேண்டும். மிகக் குறைந்தது ஒன்பது அம்பில் முடிக்கலாம்: 180, 180, 141. மூன்று அம்பில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170. ஆனால் 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகியவற்றை மூன்று அம்பில் முடிக்கவே முடியாது. பெரும் ஆட்டக்காரர்கள் இவற்றை மீதி வைக்காமல் முன்கூட்டியே வழி மாற்றுவார்கள். கை எறிந்துகொண்டிருக்கும்போதே வாய்க்குள் கழித்தல் ஓடுகிறது. ஒரு வகையில் மண்டிக் கணக்குப்பிள்ளை வேலை.

இனி பணம். 1978இல் நாட்டிங்ஹாமில் ஒரு இரவு விடுதியில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. வேல்ஸ்காரர் லெய்டன் ரீஸ் இறுதியில் ஜான் லோவை வென்று 3,000 பவுண்டு பெற்றார். பணம் கொடுத்தது எம்பசி சிகரெட். சிகரெட்காரருக்கு அம்பின்மேல் ஏன் அக்கறை? பிரிட்டனில் 1965இலேயே தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடையாகிவிட்டது. போட்டியின் பெயரிலேயே சிகரெட்டின் பெயரைச் சேர்த்துவிட்டால், விளம்பரமே ஏற்காத பிபிசிகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டார்ட்ஸுக்கும் ஸ்னூக்கருக்கும் பணம் கொட்டியது இந்த ஓட்டை வழியாகத்தான். தொலைக்காட்சிக்கும் இது மலிவான சரக்கு: ஓடும் ஆள் இல்லை, மைதானம் இல்லை, இரண்டு கேமரா போதும். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் முகம், மறு பாதியில் பலகை. தொழிலாளிக் குடும்பத்துப் பருத்த மனிதர்களின் கண்ணிமைத் துடிப்பை வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்தவர்கள் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான்.

1990ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு வேடிக்கை. சிங்கப்பூர்க்காரர் பால் லிம், உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒன்பது அம்பில் 501ஐ முடித்தார். அதற்கென்று தனியாக அறிவித்திருந்த பரிசு 52,000 பவுண்டு. அந்த ஆண்டு கோப்பையை வென்ற பில் டெய்லருக்குக் கிடைத்தது 24,000. ஒன்பது அம்புக்கு ஒரு விலை, சாம்பியன் பட்டத்துக்கு அதில் பாதிகூட இல்லை. இத்தகைய அறிவிப்பு விளம்பரதாரருக்கு வேண்டிய பரபரப்புக்காக. ஆட்டக்காரரின் வயிற்றுப்பாட்டுக்கு அதில் இடமில்லை.

அந்த டெய்லர் ஸ்டோக் நகரப் பீங்கான் தொழிலாளி. கழிவறைக் கைப்பிடி செய்துகொண்டிருந்தவர். அவர் வேலையை விட்டுவிட்டு எறிந்து பழகக் கைப்பணம் கொடுத்தவர் அக்காலத்துப் பெரிய சாம்பியன், ஐந்து முறை பட்டம் வென்ற எரிக் பிரிஸ்டோ. 1990 இறுதியில் டெய்லர் 6-1 என்று வீழ்த்தியது அதே பிரிஸ்டோவைத்தான். குருவுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு நோய் பிடித்திருந்தது. கை பின்னால் போகும், முன்னால் வரும், விரல் மட்டும் அம்பை விடாது. 'டார்டைடிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தசையில் கோளாறு எதுவும் தெரியாது. ஆயிரமாயிரம் முறை செய்த ஒன்றை எப்படிச் செய்கிறோம் என்று ஒரு கணம் யோசித்ததும் அது நின்றுவிடுகிறது. நாதஸ்வரக்காரருக்கு மேடையில் திடீரென்று மூச்சு எங்கே எடுப்பது என்ற யோசனை வந்தால் எப்படியிருக்கும்? ஓரியின் பாட்டில் இப்படியொரு கணத்துக்கு இடமில்லை. தவறாத அம்பைப் பற்றித்தான் பாட்டு எழுதுவார்கள்.

1980களின் கடைசியில் தொலைக்காட்சிகள் கைவிட்டன. ஒரே ஒரு உலக சாம்பியன்ஷிப் தவிர எல்லா ஒளிபரப்பும் நின்றது. ஆட்டத்தை 1973 முதல் நடத்திவந்த பிரிட்டிஷ் டார்ட்ஸ் ஆர்கனைசேஷன், மாவட்ட அணிகளும் தன்னார்வலர்களும் நிறைந்த அமைப்பு. அதற்கு ஆட்டம் பிழைத்தால் போதும். வேலையை விட்டுவிட்டு அம்பையே நம்பி வந்த பதினாறு பேருக்கு அது போதாது. அவர்கள் தனியே ஒரு கவுன்சில் அமைத்தார்கள். 1993 ஜனவரிப் போட்டியில் ஜான் லோ வென்றார். ஒன்றுபட்ட உலகப் பட்டம் என்று சொல்லத்தக்கது அதுதான் கடைசி. பழைய அமைப்பு பிரிந்துபோனவர்களைத் தடைசெய்தது. அவர்களோடு விளையாடுகிறவர்களையும் தடைசெய்வோம் என்றது. ஊர்க்கட்டுப்பாடு போட்டுத் தள்ளிவைப்பது நாம் மட்டும் கண்ட கலை இல்லை போலும். வழக்கு 1997 வரை இழுத்து, இரு தரப்பும் இருக்கும் என்ற சமரசத்தில் முடிந்தது.

பிரிந்துபோனவர்கள் தங்கள் முதல் உலகப் போட்டியை 1993 டிசம்பர் 26ஆம் தேதி எசெக்ஸில் பர்ஃப்லீட் என்ற இடத்து சர்க்கஸ் டேவர்ன் விடுதியில் தொடங்கினார்கள். டென்னிஸ் பிரீஸ்ட்லி டெய்லரை வென்று 16,000 பவுண்டு வாங்கினார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் புத்தாண்டுக்கும் நடுவே, ஊரே வீட்டில் கிடக்கும் நாட்களைப் பிடித்தது அவர்கள் சாமர்த்தியம். புதிதாக வந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் கைகொடுத்தது. 2001இல் பாரி ஹேர்ன் என்ற ஸ்னூக்கர், குத்துச்சண்டை வியாபாரி பொறுப்பேற்றார். 2008 போட்டி முதல் இடம் அலெக்சாண்டிரா பேலஸ். 1936இல் பிபிசி தன் வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய கட்டடம் அது. பழைய அமைப்பு 2020இல் மூழ்கிப்போனது.

சிகரெட் பெயர் 2003இல் சட்டத்தால் மறைந்தது. இன்று போட்டியின் தலைப்பில் இருப்பது பேடி பவர் என்ற பந்தயச் சூதாட்டக் கம்பெனி. நுரையீரல் தப்பியது, பர்ஸ் மாட்டிக்கொண்டது. இந்த வழி நமக்குத் திறக்காது, திறக்கவும் கூடாது என்பது என் எண்ணம். 2025இல் இணையப் பண விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடைசெய்தவுடன் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே ஒரு பெயர் கழன்று விழுந்ததைப் பார்த்தோம்.

ஆனால் அந்த 10 லட்சம் பவுண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது. பரிசுப் பட்டியலைக் கீழிருந்து படிக்க வேண்டும். மொத்தம் 50 லட்சம் பவுண்டு, 128 பேர். முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு 15,000 பவுண்டு. இரண்டாம் சுற்றில் தோற்றால் 25,000. பிறகு 35,000, 60,000, 1 லட்சம், 2 லட்சம், 4 லட்சம். போட்டிக்குக் கிளம்பும்போதே தோற்றால் என்ன கிடைக்கும் என்று ஆட்டக்காரருக்குத் தெரியும். தொழில் என்று நான் சொல்வது இதைத்தான்.

2025 டிசம்பரில், இதே போட்டியின் முதல் சுற்றில், இந்தியாவின் நிதின் குமார், நெதர்லாந்தின் ரிச்சர்ட் வேன்ஸ்ட்ராவை 3-2 என்று வென்றார். அலெக்சாண்டிரா பேலஸ் மேடையில் இந்தியர் ஒருவர் ஆட்டம் வென்றது அதுவே முதல் முறை. முந்தைய ஆண்டுகளில் முதல் சுற்றோடு திரும்பியவர் அவர். இம்முறை 25,000 பவுண்டு உறுதியானது, சுமார் 30 லட்சம் ரூபாய். அதே முதல் சுற்றில், 1990இல் ஒன்பது அம்பில் முடித்த அதே பால் லிம், 71 வயதில் ஒரு ஆட்டம் வென்றார். எங்கள் ஊரில் அந்த வயதில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதன் பக்கத்து வீடு கேரம். அதிலும் ஒரு பலகை, விரல் நுனி, சில மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல். இதில் உலகமே நம்மிடம் பாடம் கேட்க வேண்டிய நிலை. அகில உலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991இல் முதல் உலக சாம்பியன் ஆனவர் சென்னையின் மரிய இருதயம். 1995இல் மறுபடியும் அவரே. 1996இல் அர்ஜுனா விருது. 2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கோப்பையில், சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 17 வயதில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் எடுத்துவந்தார்.

இருந்தும் கேரம் பலகையால் குடும்பம் நடத்துகிறேன் என்று சொல்லக்கூடியவர் இல்லை. ரயில்வே, ஆயுள் காப்பீட்டுக் கழகம், ரிசர்வ் வங்கி, பெட்ரோலிய நிறுவனங்கள் போன்றவை ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. உலகப் பட்டம் மூன்று முறை வென்ற ரஷ்மி குமாரிகூட ஓஎன்ஜிசி ஊழியர். மாதச் சம்பளம் ஆட்டத்துக்கு வருவதில்லை, பதவிக்கு வருகிறது. வென்று வந்தால் அரசு கொடுக்கிறது. காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. அவரோடு பதக்கம் வென்ற மித்ரா, நாகஜோதி இருவருக்கும் தலா 50 லட்சம். தொகை சின்னதில்லை, நிதின் குமாரின் முதல் சுற்று வெற்றிக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. ஆனால் இது பரிசில். பாணருக்கு ஓரி கொடுத்த அதே பொன்னும் மணியும்தான், இம்முறை ஆடியவருக்கே கிடைத்திருக்கிறது என்பது ஒன்றுதான் வேறுபாடு. காலிறுதியில் தோற்றவருக்கு இந்தப் பட்டியலில் வரி இல்லை. அடுத்த ஆண்டு காலிறுதி வரை மட்டும் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு அரசைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அரசு கொடை கொடுக்கும், அதன் வழக்கம் அது. கேரம் ஆட்டத்தைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்? தெருமுனைப் பலகையைச் சுற்றி நின்று, பவுடர் தூவச் சொல்லி, ரெட்டைப் போட முடியாதவனை ஆளாளுக்குத் திட்டுகிற கூட்டம் நம்மிடம் ஏராளம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாற்காலி போட்டு, திரையை இரண்டாகப் பிரித்து, விரலையும் முகத்தையும் ஒருசேரக் காட்டி டிக்கெட் விற்கலாம் என்று எந்த பாரி ஹேர்னுக்கும் இங்கே தோன்றவில்லை. சூதாட்டக் காசு இல்லாமல் அது நடக்குமா என்பதுதான் எனக்கு விடை தெரியாத கேள்வி. இங்கிலாந்தில் அப்படி நடக்கவில்லை.

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலைமேல் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. போன தடவை பேருந்தில் போகும்போது அந்தப் பையனும் கூட வந்தான். எங்கள் வீட்டுப் பலகையில் இப்போது 5, 20, 1 மூன்றும் கிழிந்து நார் பிதுங்கி நிற்கின்றன. எண்கள் எழுதிய கம்பி வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் புது நார் உச்சிக்கு வந்துவிடும், அதற்காகவே அது கழற்றும்படி இருக்கிறது என்று அவனுக்குக் காட்டியிருந்தேன். எதற்கும் ஒரு அளவு, ஒரு கோடு உண்டு என்பதில் அவனுக்கு இப்போது பிடிவாதம் வந்துவிட்டது. ஏழாவது வளைவிலோ எட்டாவது வளைவிலோ வண்டி முனகி ஏறும்போது கேட்டான்:

"ஏனுங் மாமா, அந்த ஓரி எத்தன அடி தள்ளி நின்னு உட்டாருங்க?"

பாட்டை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வன்பரணர் தூரம் சொல்லவில்லை.